நீல முதுகுப் பொய்மீன்

மாமாவிடம் இருந்த மீன்கள் எல்லாம் பிளாஸ்டிக் மீன்கள். பழைய பிஸ்கட் தகரம் ஒன்றில் தடித்த அட்டையால் அறை பிரித்து, ஒன்றோடொன்று சிக்காதபடி அவற்றை அடுக்கி வைத்திருந்தார். கடைக்காரர்கள் அவற்றை லூர் என்பார்கள். மாமா பொய்மீன் என்றார். பெரிய மீனை ஏமாற்றுவதற்காகச் சின்ன மீனைப்போலச் செய்த மீன்.

அப்போது எனக்குப் பத்து வயது. கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு மாடியில் கட்டில் ஒன்று போட்டால் கதவு முழுதாகத் திறக்காத ஒரு சின்ன அறை இருந்தது. அதில்தான் மாமா இருந்தார். அவர் அம்மாவின் ஒரே தம்பி. பிரான்ஸில் சில வருடங்கள் இருந்துவிட்டு ஒரு குளிர்காலத்தில் லண்டனுக்கு வந்து சேர்ந்தவர். ரூட்டிங்கில் ஒரு கோழிக்கடையின் பின்பக்கத்தில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு.

அவர் வந்து ஒரு வருடம் கழித்து, சமையலறையில் அம்மா அப்பாவிடம் தணிந்த குரலில், அவன்ர கேஸை மூடிப்போட்டாங்கள் என்று சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குத் தெரிந்த ஒரே கேஸ் சூட்கேஸ்தான். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மாமாவின் சூட்கேஸ் வழக்கம்போலத் திறந்தபடியே கட்டிலுக்குக் கீழே கிடந்தது, சட்டைகள் வெளியே தொங்கிக்கொண்டு. அம்மா வீணாகக் கவலைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

பொய்மீன் எறிகிற வித்தையை மாமா பிரான்ஸின் வடக்குக் கரையில் ஒரு துறைமுகப் பட்டினத்தில் சில மாதம் இருந்தபோது பழகியிருந்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அங்கே பிரெஞ்சுக்காரர்கள் எறிவதைப் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டதாம். அந்த ஊரில் என்ன வேலை செய்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். கடலைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் வேலை என்றார். நல்ல வேலையாகத்தான் எனக்குத் தோன்றியது.

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வாண்டில் ஆறு. அதன் கரையில் சனிக்கிழமைகளில் ஆட்கள் மடக்குக் கதிரை போட்டு உட்கார்ந்து தூண்டில் போடுவார்கள். பக்கத்திலேயே ஆறு இருக்க ஏன் காரில் ஒன்றரை மணித்தியாலம் போய்க் கடலில் பிடிக்கவேண்டும் என்பது என்னுடைய இன்னொரு கேள்வி. ஆற்றில் பிடிப்பதற்கு லைசென்ஸ் வேண்டும், பெயரும் விலாசமும் கொடுக்கவேண்டும், கடலுக்கு ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று மாமா விளக்கினார். அவருக்கு எழுத்து வேலை பிடிக்காதாக்கும் என்று நினைத்தேன். எனக்கும் பிடிக்காது.

அவர் தேடியது சீ பாஸ் என்ற ஒரே மீனைத்தான். எங்கள் மீன்கடைகளில் ஐஸில் படுத்திருக்கும் அதே மீன்தான், கொடுவாவுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். எப்போதாவது ஒன்று பிடித்துக்கொண்டு வந்தால், அம்மா அதை வெட்டும்போது மாமா பக்கத்தில் நிற்பார். சதையில் அவருக்கு அக்கறை இல்லை. குடல்தான் வேண்டும். அம்மா முகத்தைச் சுளித்தபடி அதைப் பழைய பத்திரிகைத் தாளில் எடுத்து வைக்க, மாமா கத்தி நுனியால் கீறிப் பார்ப்பார். உள்ளே பாதி செமித்த சின்ன மீன்கள் இருக்கும். சிலவேளை விலாங்குக் குஞ்சு போல மெலிந்து நீண்டவை, சிலவேளை சூடைக் குஞ்சு போலக் கட்டையும் தட்டையுமானவை. உடனே மாடிக்குப் போய்த் தகரத்தை எடுத்து வருவார். எந்தப் பொய்மீன் எதற்கு நெருக்கம் என்று நீளம், அகலம், முதுகின் நிறம் எல்லாம் வைத்துப் பார்ப்பார். ஒரு மீனின் சாப்பாட்டில் இவ்வளவு கவனம் எடுக்கிறவன் தன்ர சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுறானில்லை என்று அம்மா அப்பாவிடம் முறையிடுவார்.

அந்தத் தகரத்திலிருந்த பொய்மீன்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. கட்டையானது, வெள்ளி வயிறும் நீல முதுகும் கொண்டது. பக்கத்தில் திருப்பினால் வெளிச்சம் செதில் செதிலாக ஓடும். விம்பிள்டன் பக்கத்தில், காரின் பின்பெட்டியில் பழைய சாமான் வைத்து விற்கிற கார் பூட் சந்தையில் மாமா பேரம் பேசி வாங்கியது. வயிற்றிலும் வாலிலும் இரண்டு தூண்டில் முள்ளுக் கொத்து, ஒவ்வொன்றிலும் மூன்று முள். அதை எனக்கு அவர் தந்ததே இல்லை. எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தது பச்சை நிறத்தில், றப்பரால் செய்த மெல்லிய ஒன்று. அதற்கு ஒரேயொரு முள், அதுவும் றப்பருக்குள் பாதி மறைந்திருக்கும்.

ஓகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நாங்கள் நால்வரும் பிரைட்டனைத் தாண்டி, ஒரு சிறிய ஆறு கடலோடு சேருகிற இடத்துக்குப் போனோம். மணல் இல்லாத, வெறும் கூழாங்கல் கரை. அப்பாவுக்கு மீன்பிடியில் ஈடுபாடு கிடையாது. கார் ஓட்டுவார், பிறகு மடக்குக் கதிரையில் சாய்ந்து தொப்பியை முகத்தில் போட்டுக்கொள்வார். அம்மா விடிய எழும்பி மீன் றோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்திருந்தார். மீன்பிடிக்கப் போகிற இடத்துக்கு மீனைப் பொரித்துக்கொண்டு வருவது மாமாவின் கெட்டித்தனத்தில் அவருக்கு இருந்த நம்பிக்கையைக் காட்டியது.

மாமா கரையில் அவசரப்படமாட்டார். தூண்டில் தடியைப் பூட்டுவதற்கு முன்பு கொஞ்ச நேரம் சும்மா நின்று தண்ணீரைப் பார்ப்பார். பறவைகள் எங்கே விழுகின்றன, தண்ணீர் கலங்கலா தெளிவா, விளிம்பில் ஏதாவது மினுங்குகிறதா. அன்று கடல் பெருகிக்கொண்டிருந்தது. தண்ணீர் தெளிவு. அவர் தனக்கு ஒரு மெல்லிய பொய்மீனைக் கட்டிக்கொண்டு, எனக்கு வழக்கமான பச்சையைக் கட்டத் தொடங்கினார்.

நான் கையில் ஒட்டியிருந்த றோல்ஸ் எண்ணெயைக் கழுவ அலையோரம் போனேன். அங்கே கற்களுக்கு இடையில் ஏதோ துடித்தது. அலை எறிந்துவிட்டுப் போன சின்ன மீன்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். தட்டையான வெள்ளி உடம்பு, நீலமும் பச்சையும் கலந்த முதுகு. ஒன்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு மாமாவிடம் ஓடினேன். பச்சைப் பொய்மீன் பிழை, இன்றைக்கு இவைதான் இங்கே இருக்கின்றன என்று சொன்னேன். நீல முதுகை எப்படியாவது தூண்டிலில் கட்டவைக்க வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்ததுதான். ஆனால் சொன்னது பொய்யில்லை.

மாமா அந்த மீனை வாங்கித் தகரத்துக்குள் ஒவ்வொரு பொய்மீனுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நீல முதுகின் பக்கத்தில் வைத்தபோது அவரது கை நின்றது. பிறகு அப்பாவைப் பார்த்து, "அத்தான், இவள் என்ர வேலையைப் பறிக்கப்போறாள்" என்றார். அப்பா தொப்பிக்குள் இருந்து ஏதோ சொன்னார்.

அப்படித்தான் நீல முதுகு என் தூண்டிலுக்கு வந்தது. முதலில் எறிந்தவை எல்லாம் வெறுமையாகத் திரும்பின. ஒருமுறை கற்களில் சிக்கியதை மாமா முழங்கால் வரை இறங்கி எடுத்துத் தந்தார். அதன்பின் ஒரு தரம், இழுத்துக்கொண்டிருக்கும்போது நூல் திடீரென்று நின்றது. மறுபடியும் கல் என்று நினைத்தேன். கல் பக்கவாட்டில் ஓடத் தொடங்கியது. நான் கத்தினேன் என்று அம்மா சொல்லுவார். எனக்கு ஞாபகம் இல்லை. தடி வளைந்ததும் றீல் கிறீச்சிட்டதும் மாமா என் தோளைத் தொடாமல் பக்கத்திலேயே நின்று, விடு, இப்ப சுத்து, விடு என்று சொல்லிக்கொண்டிருந்ததும்தான் ஞாபகம். கடைசியில் ஒரு அலை மீனைக் கல்லுக்கரையில் ஏற்றிவிட்டது. முதுகுச் செட்டையை விரித்தபடி, சாம்பல் வெள்ளியாக, என் முழங்கையைவிட நீளமாக ஒரு சீ பாஸ் கிடந்தது. அதன் வாயின் ஓரத்தில் நீல முதுகு.

மாமா குனிந்து மீனைப் பிடித்தார். வயிற்றுப் பக்கத்து முள்தான் மீனின் வாயில் இருந்தது. வால் பக்கத்து முள்ளுக் கொத்து வெளியே ஆடிக்கொண்டிருந்தது. மீன் ஒருமுறை பலமாக உதறியது. மாமா சத்தம் போடவில்லை. நாங்கள் பார்த்தபோது அந்தக் கொத்தின் ஒரு முள் அவரது வலது பெருவிரலுக்குள் வளைவு வரை இறங்கியிருந்தது. மீன் இன்னும் மறுபக்கத்தில் தொங்கித் துடிக்க, ஒவ்வொரு துடிப்பும் அவரது விரலை இழுத்தது.

அப்பா ஓடிவந்து ஈரத் துவாயால் மீனை அமர்த்தி, குறட்டால் அதன் வாயிலிருந்த முள்ளைக் கழற்றினார். மாமாவின் முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. அப்போது அவர் சொன்னது இன்றுவரைக்கும் எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிக்கிற விசயம். "அத்தான், அளந்து பாருங்கோ" என்றார். மீன் ஓர் அளவுக்குக் குறைவாக இருந்தால் திரும்ப விடவேண்டும் என்பது சட்டம். அந்த அளவைக் கோடு போட்டுக் குறித்த தடி ஒன்று எப்போதும் அவரோடு வரும். விரலில் முள்ளோடு நிற்கிற நேரத்தில் மீனை அளப்பதா என்று அப்பா கோபித்தார். ஆனாலும் அளந்தார். கோட்டைத் தொட ஒரு நகத்தளவு குறைந்தது. என் முதல் மீனை அப்பா இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டார். அது ஒரு கணம் நின்றுவிட்டுப் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. மாமாவின் விரலுக்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே பின்பக்கமாக ஒரு சிறு பல் இருக்கும். உள்ளே போகவிடும், வெளியே வரவிடாது. அப்பா பொய்மீனை வெட்டிக் கழற்றினார். ஆனால் முள்ளுக் கொத்து விரலிலேயே நின்றது. மாமா தானே குறட்டால் பிடித்து இழுத்துப் பார்த்தார். தோல் கூடாரம்போல எழும்பியதே தவிர முள் வரவில்லை. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றார். மாமா, வீட்டுக்குப் போய் வெந்நீரில் வைத்தால் வந்துவிடும் என்றார். அம்மா அதைக் கேட்கிற நிலையில் இல்லை. என்னைக் காருக்குள் ஏறச் சொல்லிவிட்டு மூன்று பேரும் வெளியே நின்று கனநேரம் கதைத்தார்கள். கண்ணாடி மூடியிருந்தது. அம்மா கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதும், மாமா தலையை ஆட்டி மறுப்பதும், கடைசியில் அப்பா அவரது முதுகில் கைவைத்து ஏதோ சொல்வதும் தெரிந்தது. மாமா ஊசிக்குப் பயப்படுகிறார் என்று எனக்கு விளங்கியது. பெரிய ஆள் ஊசிக்குப் பயப்படுவது வேடிக்கையாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் எங்களை இறக்கிவிட்டு அப்பா காரோடு போய்விட்டார். உள்ளே வரமாட்டாராம். ஏன் என்று நான் கேட்கவில்லை. கார் நிறுத்துவதற்கு நல்ல இடம் தேடுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அவசர சிகிச்சைப் பிரிவின் பதிவு மேசையில் ஒரு பெண் இருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, பெயர் என்ன என்று மாமாவைக் கேட்டார். மாமா தொண்டையைச் செருமி, அப்பாவின் பெயரைச் சொன்னார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் கவுன்சிலுக்குப் போனாலும் டொக்டரிடம் போனாலும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். அம்மாவின் ஆங்கிலம் கடைக்குப் போதுமானது. மாமாவுக்குப் பிரெஞ்சு கொஞ்சம் வரும், ஆங்கிலம் கோழிக்கடை அளவுதான். அந்த வேலையில் எனக்குப் பெருமை அதிகம். ஆகவே அவர் கேள்வியை விளங்கிக்கொள்ளவில்லை என்று கண்டதும் நான் எட்டி மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, அவா கேக்கிறது அப்பான்ர பேரை இல்லை. உங்கட பேரை" என்றேன்.

பிறகு அந்தப் பெண்ணிடம், அது என் அப்பாவின் பெயர், அப்பா காரில் இருக்கிறார், மாமாவுக்கு ஆங்கிலம் வராது, மன்னிக்கவும் என்று சொன்னேன். மாமாவின் உண்மையான பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொன்னேன். எங்கள் பெயர்கள் நீளம். அவரது தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. அந்தப் பெண் பொறுமையாகத் தட்டச்சு செய்தார். நடுவில் அம்மா என் மேற்கையைக் கிள்ளினார். மேசையில் தொங்காமல் நேரே நிற்கச் சொல்கிறார் என்று நினைத்து நேரே நின்றுகொண்டேன். பிறந்த திகதியும் எனக்குத் தெரியும். அந்த வருடம் கேக் வெட்டியிருந்தோம். விலாசத்தை, பள்ளிக்கூடத்தில் பழக்கியபடி, கதவு இலக்கத்தில் தொடங்கி தபால் குறியீடு வரை ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

அந்தப் பெண் மாமாவைப் பார்த்து, எல்லாம் சரியா என்று கேட்டார். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார்.

"ஓம்" என்றார் மாமா. அதையும் நானே மொழிபெயர்த்தேன்.

எங்களை இருக்கச் சொன்னார்கள். மாமா கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் போய் இருந்தார். உள்ளே வசதியான கதிரைகள் காலியாக இருந்தன. நான் சொல்லியும் அவர் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு பொலிஸ்காரர் தலையில் இரத்தம் வடிய ஒருவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மாமா எழும்பினார். அம்மா அவரது சட்டையைப் பிடித்தார். மறுபடி உட்கார்ந்தார். பொலிஸ்காரரில் ஒருவர் மாமாவின் விரலில் நின்ற முள்ளுக் கொத்தைக் கண்டு, மீன் எப்படிப் போயிற்று என்று சிரித்தபடி கேட்டார். மீனை விட்டுவிட்டோம், அளவு காணாது என்று நான் பதில் சொன்னேன். நல்ல ஆட்கள் என்று அவர் பாராட்டிவிட்டுப் போனார். அதை மாமாவுக்குத் தமிழில் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார்.

தாதி விரலை விறைக்க ஊசி போட்டு, முள்ளை வெளியே இழுக்காமல் இன்னும் முன்னுக்குத் தள்ளி, நுனி தோலைக் கிழித்து வந்ததும் அந்தப் பல்லை வெட்டிவிட்டு, மீதியை வந்த வழியே எடுத்தார். அவ்வளவு சுலபமாக அது வந்தது. ஊசி போடும்போது மாமா கண்ணைக்கூட மூடவில்லை. அது எனக்குக் குழப்பமாக இருந்தது. தாதி கட்டுப்போட்டு, காயம் நனையக்கூடாது என்று சொல்லி எங்களை அனுப்பினார். வேறு யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் மீதி றோல்ஸ் அப்படியே இருந்தது. நான் எதற்காகவாவது ஏச்சு வாங்குவேன் என்று காத்திருந்தேன். ஏச்சு விழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அந்தக் கிழமையே மாமா லண்டனின் மறுபக்கத்தில் உள்ள இல்ஃபோர்ட்டுக்குப் போவதென்று முடிவானது. பிரான்ஸில் அவரோடு இருந்த நண்பர் ஒருவர் அங்கே இருந்தார். யாராவது கதவைத் தட்டி வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டால் அப்பா, அம்மா, நான் என்று சொல்லவேண்டும் என்று அம்மா என்னைப் பழக்கினார். அது உண்மைதானே, மாமா போய்விட்டாரே என்று நான் சொன்னேன். அம்மா என் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். பல நாள் கதவு மணி அடிக்கும்போது அம்மா சமையலறையில் அசையாமல் நிற்பார். வந்தவர்கள் மின்சார மீற்றர் பார்க்க வந்தவரும், பார்சல் கொண்டுவந்தவரும்தான்.

மாமாவுக்கு இந்த நாட்டில் இருக்க அனுமதி கிடைத்தது நான் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு. இப்போது இல்ஃபோர்ட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார். எசெக்ஸ் கரைக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறார். அவசரப் பிரிவுக்கு வருகிறவரிடம் விசா இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, அங்கே காயத்துக்கு மருந்து கட்டுவது எல்லோருக்கும் இலவசம் என்பதை நான் வேலைக்குப் போன காலத்தில்தான் அறிந்தேன். அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "அப்ப அதை ஆர் எங்களுக்குச் சொன்னது?" என்றார்.

மாமா போன நாள் அப்பாவுக்கு வேலை. நானும் அம்மாவும் நிலக்கீழ் ரயில் நிலையம் வரை போவதாக இருந்தது. வாசலுக்கு வந்த பிறகு அம்மா தலையிடிக்கிறது என்று உள்ளே போய்விட்டார். ஆகவே நான் மட்டும் அவரோடு நடந்தேன். அவர் சூட்கேஸை இடது கையால் இழுத்தார், வலது கையில் கட்டு. வழி முழுக்க நான் ஒரு வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். முள் குத்தியதால் கோபித்துக்கொண்டுதான் அவர் போகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நிலையத்தின் வாசலில் நின்று, என்னில் கோபமா என்று கேட்டேன்.

அவர் சூட்கேஸை நிறுத்திவிட்டுக் குனிந்தார்.

"இல்லைக் குஞ்சு. நீ ஆஸ்பத்திரியில எவ்வளவு வடிவா இங்கிலீசு கதைச்சனி" என்றார்.

அவர் படியிறங்கி மறையும் வரை கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். பிறகு வீட்டுக்கு ஓடினேன். மாமாவுக்குக் கோபமே இல்லை, என் ஆங்கிலத்தை மெச்சினார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா குழாயைத் திறந்து, கழுவியிருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவத் தொடங்கினார். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, இன்னும் பலமாக, இன்னொருமுறை சொன்னேன்.